டெல்லியும் வேற்றுக்கிரகமும்: உங்களுக்குத் தெரியுமா?

விண்வெளிப் படங்களில் ஒரு காட்சி தவறாமல் வரும். கலத்திலிருந்து இறங்கியவர்கள் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டி, தாங்கள் நண்பர்கள் என்பார்கள். பாறை மறைவில் ஆயுதத்தோடு நிற்கும் அந்தக் கிரகத்துப் போராளிகள் லேசில் நம்பமாட்டார்கள். கூட்டு சேர்வதற்குள் இடைவேளை வந்துவிடும். இந்தப் பேரத்துக்கு வேற்றுக்கிரகம் வரை போகவேண்டியதில்லை, பூமியிலேயே அறுபது வருஷத்துக்கும் மேலாக நடக்கிறது. அதில் டெல்லி சில நேரம் கை நீட்டுகிற கட்சி. சில நேரம் பாறைக்குப் பின்னால் நிற்கிற கட்சி.

★ பறக்கும் தட்டுப் புராணத்தில் டெல்லிக்கும் ஓர் இடம் உண்டு. 1951 மார்ச் 15 காலை பத்தரை மணி வாக்கில், டெல்லி ஃபிளையிங் கிளப்பைச் சேர்ந்த இருபத்தைந்து பேர் சுருட்டு வடிவத்தில் நூறடி நீளப் பொருள் ஒன்றை வானத்தில் பார்த்ததாகப் பதிவாகியிருக்கிறது. கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றதாம், பிறகு பறந்துவிட்டதாம். பார்த்தவர்கள் விமானம் ஓட்டுகிற கூட்டம் என்பதால்தான் அந்தக் கதை இன்னும் உயிரோடிருக்கிறது. வந்தவர்கள் யாராக இருந்தாலும், டெல்லியில் இறங்கி யாரோடும் பேசியதாகத் தகவல் இல்லை.

★ நம் ராணுவமே வேற்றுக்கிரகத்தைக் கண்காணித்த கதை தெரியுமா? லடாக் எல்லையில் 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை, இரவில் நகரும் ஒளிப்புள்ளிகளைப் பார்த்ததாக வீரர்கள் 329 முறை குறித்துவைத்தார்கள். சீனாவின் உளவு ட்ரோன்கள் என்பது சந்தேகம். விஷயம் டெல்லி வரை போய், கடைசியில் பெங்களூரின் இந்திய வான் இயற்பியல் மையத்து விஞ்ஞானிகளிடம் வந்தது. அவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துச் சொன்ன பதில்: ஒன்று வெள்ளி, மற்றொன்று வியாழன். வேற்றுக்கிரகம் என்பது வார்த்தைக்கு வார்த்தை உண்மைதான். சிரிக்கத் தோன்றும், ஆனால் அந்தக் குளிரில் அந்த எல்லையில் இரவுக்காவல் நிற்பவருக்குச் சந்தேகப்படுவதுதான் உத்தியோகம்.

★ நாடாளுமன்றத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஜந்தர் மந்தரில் வானம் பார்க்கத் தொடங்கி முந்நூறு வருஷம் ஆகிறது. ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் சவாய் ஜெய்சிங் 1724-இல் கட்டியது. பித்தளைக் கருவிகள் சின்னவை, தேய்பவை, ஆடுபவை என்று அவற்றை ஒதுக்கிவிட்டு, கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டடத்தையே கருவியாக்கினார். சம்ராட் யந்திரம் என்ற ராட்சதச் சூரியக் கடிகாரத்தின் உயரம் சுமார் 70 அடி. முக்கோணச் சுவரின் நடுவே வானத்தைப் பார்த்து ஏறும் படிக்கட்டு எங்கேயும் போய்ச் சேராது. அந்தச் சரிவின் கோணம் டெல்லியின் அட்சரேகைக்குச் சமம். அதன் விளிம்பு சுட்டுவது வானத்தின் வடதுருவத்தை. நிழல் இரண்டு பக்கமும் உள்ள வளைந்த மேடைகளில் மணிக்கணக்காக நகர்வதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்.

இங்கே எடுத்த கணக்குகளோடு தயாரான அட்டவணைக்கு ஜெய்சிங் வைத்த பெயர் ‘ஜீஜ்-இ முகம்மது ஷாஹி’. அப்போது டெல்லி சிம்மாசனத்தில் இருந்த முகலாயச் சக்கரவர்த்தியின் பெயர் அது. இந்து மன்னர் அரபு வழி வானியல் முறையில், பாரசீக மொழியில் அட்டவணை போட்டு, முகலாயருக்குக் காணிக்கையாக்கினார். அது போதாதென்று ஐரோப்பாவுக்கும் ஆள் அனுப்பினார். ஆக்ராவிலிருந்த மனுவேல் தெ ஃபிகெரெதோ என்ற ஏசுசபைப் பாதிரியார் தலைமையில் தூதுக்குழு ஒன்று போர்ச்சுகல் போனது. பிரெஞ்சு வானியலாளர் லா ஹீரின் அட்டவணையோடு திரும்பியது. ஜெய்சிங் அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. சரிபார்த்தார், சந்திரனின் இருப்பிடத்தில் அரை டிகிரி வரை பிசகு இருப்பதாக எழுதிவைத்தார். நட்பு வேறு, கணக்கு வேறு. 1734-இல் வங்காளத்தின் சந்திரநாகூரிலிருந்து இரண்டு பிரெஞ்சுப் பாதிரியார்களை ஜெய்ப்பூருக்கு வரவழைத்தார். கூட்டாளியிடம் வாங்கு, ஆனால் சோதித்துவிட்டு வாங்கு என்கிற வழக்கத்தை ஆரம்பித்துவைத்தவர் அவர் என்றே சொல்லலாம்.

★ அதே ஜந்தர் மந்தரை ஒட்டிய சாலைதான் இந்தியாவின் எதிர்ப்புக் குரல்களின் தலைநகர். நம் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் வானியலால் தெரிந்ததல்ல. 2017 மார்ச் 14 முதல் 41 நாள், அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் மண்டையோடுகளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததால் தெரிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே போராட்டத்துக்குத் தடை போட்டது. 2018 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்த முழுத்தடையை நீக்கியது. வானம் பார்க்கும் இடமும் வானம் பார்த்த பூமிக்காரர்கள் உட்காரும் இடமும் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் அமைந்தது தற்செயல்தான். இருந்தாலும் டெல்லிக்குப் பொருத்தமாக இருக்கிறது.

★ இந்திய சினிமாவில் வேற்றுக்கிரகவாசிகளை முதலில் இறக்கியது இந்தியோ வங்காளமோ அல்ல, தமிழ் என்கிறார்கள். படம், 1963-இல் வந்த ‘கலை அரசி’. எம்.ஜி.ஆர்., பானுமதி நடிக்க, ஏ. காசிலிங்கம் இயக்கியது. அறிவியலில் எங்கேயோ போய்விட்ட ஒரு கிரகத்துக்குக் கலை மட்டும் வரவில்லை. பாட்டு கற்றுக்கொடுக்க பூமியிலிருந்து ஒரு பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வேற்றுக்கிரகத்தான் இங்கே வந்து தங்கத்தையோ தண்ணீரையோ கேட்கவில்லை, சங்கீத வாத்தியாரைத் தேடினான். ஹாலிவுட்டுக்கு இந்த யோசனை இன்றைக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

★ ‘கலை அரசி’ வந்த அதே 1963-இன் நவம்பர் மாதம், விண்வெளிக்குப் போய் வந்த முதல் பெண் வலென்டினா தெரஷ்கோவா டெல்லியில் நேருவைச் சந்தித்தார். கூட வந்த ஆந்த்ரியான் நிகலாயெவும் விண்வெளி வீரர்தான். இருவருக்கும் கல்யாணமாகிச் சில நாள்களே ஆகியிருந்தன. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1961 நவம்பர் கடைசியில் யூரி ககாரினும் டெல்லி வந்திருந்தார். சோவியத் விருந்தாளிகளை இப்படிக் கொண்டாடிய நேரு அரசு, 1963 நவம்பர் 21 மாலை கேரளத்தின் தும்பாவிலிருந்து விட்ட முதல் ராக்கெட்டை அமெரிக்காவின் நாசாவிடமிருந்து வாங்கியிருந்தது. ராக்கெட்டுக்குள் இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்ஸ் கொடுத்தது. மேலே காவலுக்குச் சுற்றிய ஹெலிகாப்டர் சோவியத் கொடுத்தது. கியூபா ஏவுகணை விவகாரத்தில் அமெரிக்காவும் சோவியத்தும் முறைத்துக்கொண்டு நின்று முழுசாக ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இரு தரப்பின் சாமானும் ஒரே மீனவக் கிராமத்து மணலில் கிடந்தது. 1968 பிப்ரவரி 2 அன்று இந்திரா காந்தி அந்தத் தளத்தை ஐ.நா.வுக்கே அர்ப்பணித்தார்.

★ தும்பாவில் முதல் பேச்சுவார்த்தை நாசாவோடு அல்ல, ஒரு பிஷப்போடு நடந்தது. பூமியின் காந்த நடுக்கோடு அந்தப் பக்கமாகப் போகிறது. வளிமண்டல மேலடுக்கு ஆராய்ச்சிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் அங்கே புனித மரிய மகதலேனா ஆலயம் இருந்தது, சுற்றிலும் மீனவர் வீடுகள், கல்லறைகள். இந்திய விண்வெளித் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய விக்ரம் சாராபாய் நேரே பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரைராவிடம் போனார். அவர் அன்றைக்கே பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு வரச் சொன்னார். ராக்கெட் விடுகிறவர்களின் வேண்டுகோளைச் சபையின் முன் வைத்து, விஞ்ஞானியும் குருவும் மனித நலத்துக்காகத்தானே வேலை செய்கிறோம் என்ற பொருளில் பேசி, மக்களின் சம்மதத்தைக் கேட்டார். சபை ‘ஆமென்’ என்றது. அப்துல் கலாம் மேடைகளில் சலிக்காமல் சொன்ன கதை இது.

இதில் கவனிக்கவேண்டியது, சர்க்கார் நினைத்திருந்தால் நில ஆர்ஜித உத்தரவோடு போயிருக்கலாம் என்பதுதான். கேட்டுவிட்டு எடுப்பதற்கும் எடுத்துவிட்டுச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் சாராபாய்க்குத் தெரிந்திருந்தது. ஆலயக் கட்டடம் முதலில் அலுவலகமாயிற்று, இன்று விண்வெளி அருங்காட்சியகம்.

★ ஸ்ரீஹரிகோட்டாவும் ஆளில்லாத் தீவாக இருந்ததில்லை. யானாதிகள் என்ற பழங்குடியினர் காட்டை நம்பி வாழ்ந்த இடம் அது. 1971 அக்டோபர் 9 அன்று அங்கிருந்து முதல் சோதனை ராக்கெட் போனது. இப்போது வரிசையில் நிற்பது நம் தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரன்பட்டினம். 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே புதிய ஏவுதளத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். தெற்கு நோக்கி ஏவினால் இலங்கையைச் சுற்றிப் போகும் வளைவு மிச்சமாகிறது. சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய லாபம். கடலோரத்து மீனவருக்கு என்ன லாபம் என்பதையும் அதே தெளிவோடு எடுத்துச் சொன்னால் நல்லது. தும்பாவில் நடந்தது அது.

★ மத்திய அரசுத் துறை என்றால் தலைமையகம் பெரும்பாலும் டெல்லியில்தான் இருக்கும். விண்வெளித் துறை பெங்களூரில் இருப்பதற்குக் காரணம் ஒரு மனிதரின் பிடிவாதம். 1971 டிசம்பர் 30 அன்று சாராபாய் திடீரென்று காலமானபோது, சதீஷ் தவன் அமெரிக்காவின் கால்டெக்கில் இருந்தார். பொறுப்பேற்க இந்திரா காந்தி அழைத்தார். தவன் துள்ளிக் குதித்து வரவில்லை, இரண்டு நிபந்தனை போட்டார்: தலைமையகம் பெங்களூரில் இருக்கவேண்டும், இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர் வேலையையும் விடமாட்டேன். இந்திரா ஒத்துக்கொண்டார். அவர் வரும்வரை எம்.ஜி.கே. மேனன் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். இந்திராவிடம் நிபந்தனை போட்டு வேலைக்குச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

★ இந்தியாவின் முதல் செயற்கைக்கோளுக்கு ‘ஆர்யபட்டா’ என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தது டெல்லி. விஞ்ஞானிகள் அனுப்பிய மூன்று பெயர்கள்: ஆர்யபட்டா, மைத்ரி, ஜவாஹர். ‘மைத்ரி’ சோவியத் நட்பைக் கொண்டாடும் பெயர். ‘ஜவாஹர்’ பிரதமரின் அப்பா பெயர். இந்திரா இரண்டையும் விட்டுவிட்டு வானியல் அறிஞரைப் பிடித்தார். 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் மண்ணிலிருந்து, சோவியத் ராக்கெட்டில் போன 360 கிலோ செயற்கைக்கோள் அது. பழைய இரண்டு ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் பார்த்திருப்பீர்கள்.

★ தொலைக்காட்சியை ‘முட்டாள் பெட்டி’ என்று திட்டுகிறவர்கள் இதைக் கேளுங்கள். 1967 ஜனவரி 26 அன்று டெல்லியைச் சுற்றியுள்ள 80 கிராமங்களில் பொதுப்பெட்டி வைத்து ‘கிருஷி தர்ஷன்’ என்ற விவசாய நிகழ்ச்சி ஒளிபரப்பானது. பின்னால் இருந்தவர் அதே சாராபாய்தான். செயற்கைக்கோள் சாப்பாடு போடுமா என்று கேட்ட டெல்லிக்கு, விதை எப்போது ஊன்றுவது என்று படம் போட்டுக் காட்டினார். அந்த வெள்ளோட்டம் ‘சைட்’ என்ற பெரிய திட்டத்துக்கு வழிவிட்டது. நாசாவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி, 1975 ஆகஸ்ட் முதல் ஒரு வருஷம் ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களில் நேரடியாகப் படம் காட்டினார்கள். அகமதாபாத்திலும் டெல்லியிலும் தரை நிலையங்கள். தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் கொழும்பு இருந்தது! நாவலாசிரியர் ஆர்தர் சி. கிளார்க் அங்கே குடியிருந்தார். தகவல் தொடர்புக்கு செயற்கைக்கோள்களைப் பயன்படுத்தலாம் என்று 1945-லேயே எழுதியவர். இஸ்ரோ பொறியாளர்கள் கடல் தாண்டிப் போய் அவர் வீட்டிலேயே ஒரு டிஷ் ஆண்டெனாவை மாட்டிக்கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தாரைக் கூட்டிவைத்துப் பார்த்தாராம் மனிதர். யோசனை சொன்னவருக்கு இப்படிக் கைம்மாறு செய்வது சர்க்கார் துறைகளில் அபூர்வம்.

★ விண்வெளிக்குப் போன முதல் இந்தியர் ராகேஷ் சர்மா போனது ஒரு வண்டியில், வந்தது இன்னொரு வண்டியில். 1984 ஏப்ரல் 3 அன்று சோயுஸ் டி-11-இல் ஏறி, சல்யூத்-7 நிலையத்தில் தங்கி, ஏப்ரல் 11 அன்று ஏற்கெனவே அங்கே நின்றிருந்த சோயுஸ் டி-10-இல் இறங்கினார். மைசூர் ராணுவ உணவு ஆராய்ச்சிக் கூடம் கட்டிக்கொடுத்த ரவா அல்வாவை ரஷ்யர்களுக்கும் பரிமாறினார். மேலேயிருந்து இந்தியா எப்படித் தெரிகிறது என்று டெல்லியிலிருந்து இந்திரா காந்தி கேட்டதும், இக்பாலின் பாட்டிலிருந்து ஒரு வரியைப் பதிலாகச் சொன்னதும் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது: கூடப் போன மாலிஷெவ், ஸ்த்ரெகாலோவ் என்ற இரண்டு சோவியத் வீரர்களுக்கும் இந்தியா அசோகச் சக்கர விருது கொடுத்தது. சமாதான காலத்து வீரத்துக்கு இந்த நாட்டில் அதற்கு மேல் விருது கிடையாது.

★ கூட்டாளி பின்வாங்குவதும் நடக்கும். 1991-இல் கிரையோஜெனிக் இன்ஜினும் அதன் தொழில்நுட்பமும் தருவதாக சோவியத்தின் கிளாவ்கோஸ்மோஸ் இஸ்ரோவோடு ஒப்பந்தம் போட்டது. மைனஸ் 253 டிகிரியில் திரவமாக்கிய ஹைட்ரஜனை எரிக்கும் இன்ஜின் அது. ஏவுகணைக்கும் உதவும் என்று சொல்லி, 1992 மே மாதம் அமெரிக்கா இரு நிறுவனங்களுக்கும் தடை போட்டது. திரவ ஹைட்ரஜனை நிரப்பிக்கொண்டு எந்த ஏவுகணை தயாராக நிற்கும் என்று பொறியாளர்கள் கேட்டது யார் காதிலும் விழவில்லை. ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தர முடியாது, தயாரான இன்ஜின்கள் சிலவற்றை மட்டும் தருகிறேன் என்றது.

பிறகு நடந்தது, திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் வருஷக்கணக்காக ஓடிய சோதனைகள். 2010 ஏப்ரலில் சொந்த இன்ஜினோடு போன முதல் ராக்கெட் கடலில் விழுந்தது. 2014 ஜனவரி 5 அன்று ஜெயித்தது. கதையின் நல்ல இடம் இதற்கப்புறம்தான் வருகிறது: நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த ‘நிசார்’ என்ற பூமி கவனிப்பு செயற்கைக்கோள் 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. நூறு கோடி டாலருக்கு மேல் விலையுள்ள சரக்கு. அதை மேலே தூக்கிக்கொண்டு போனது, எது நம் கைக்கு வரக்கூடாது என்று 1992-இல் தடுத்தார்களோ அந்த வகை இன்ஜின்தான். அமெரிக்கர்கள் கைதட்டினார்கள்.

★ வெளியார் சந்தேகத்தைவிட வீட்டார் சந்தேகம் கொடியது. அந்த கிரையோஜெனிக் திட்டத்தில் இருந்த நாகர்கோவில்காரர் நம்பி நாராயணனை, ரகசியத்தை விற்றதாகச் சொல்லி 1994 நவம்பரில் கேரளப் போலீஸ் கைது செய்தது. குற்றச்சாட்டு பொய் என்று 1996-லேயே சி.பி.ஐ. சொல்லிவிட்டது. உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது 2018 செப்டம்பர் 14 அன்று.

★ தடைப் பட்டியலில் இருக்கிற வீட்டுக்கே விருந்துக்கு வந்த கதையும் உண்டு. 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு இஸ்ரோவின் மையங்களை அமெரிக்கா தடைப் பட்டியலில் ஏற்றியது. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் அதிலிருந்து இறங்கியது 2011 ஜனவரியில். இடையில், 2008 அக்டோபர் 22 அன்று, அதே ஏவுதளத்திலிருந்து போன சந்திரயான்-1 சுமந்த 11 கருவிகளில் இரண்டு நாசாவுடையவை! வாடகை கேட்காமல் ஏற்றிக்கொண்டது இந்தியா. அந்த இரண்டில் ஒன்றான எம்3 என்ற கனிம ஆய்வுக் கருவிதான் நிலவில் தண்ணீரின் தடயத்தை உறுதிசெய்தது. 2009 செப்டம்பரில் உலகுக்கு அறிவித்தார்கள். திட்ட இயக்குநர் பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை.

★ பரிசு கொடுத்தாலும் வாங்கமாட்டேன் என்றவர்கள் உண்டா? உண்டு. 2014-இல் காட்மாண்டு சார்க் மாநாட்டில், அண்டை நாடுகளுக்கு இலவசமாக ஒரு செயற்கைக்கோள் என்று இந்தியா அறிவித்தது. பாகிஸ்தான் முதலில் பேசிப்பார்த்து, பிறகு விலகிக்கொண்டது. ‘சார்க் செயற்கைக்கோள்’ என்று பெயர் வைக்க முடியாமல் ‘தெற்காசிய செயற்கைக்கோள்’ ஆக்கினார்கள். 2017 மே 5 அன்று அது மேலே போனதும், இலங்கை உட்பட ஆறு நாட்டுத் தலைவர்கள் வீடியோவில் டெல்லியோடு சேர்ந்து பேசினார்கள். ஏழாவது நாற்காலி காலி.

★ நிலா யாருக்குச் சொந்தம்? டெல்லி இரண்டு பதிலில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. நிலாவும் அதன் வளமும் மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்று சொல்லும் நிலா ஒப்பந்தத்தில் 1982-இல் கையெழுத்திட்டது, இன்றுவரை உறுதிசெய்யவில்லை. அங்கே வெட்டியெடுக்கலாம் என்று வழிவிடும் அமெரிக்காவின் ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் 2023 ஜூன் 21 அன்று 27-ஆவது நாடாகச் சேர்ந்தது. எந்தப் பக்கமும் கதவை அடைக்காமல் வைத்திருப்பது நம் வெளியுறவுத் துறைக்குக் கைவந்த கலை. நிலவில் சுரங்கம் தோண்ட ஆரம்பிக்கும்போது ஏதாவது ஒரு கதவை மூடத்தான் வேண்டிவரும்.

★ இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் 25 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டார். அதற்கு முன்னால் ஜூன் 11 என்று நாள் குறித்திருந்தார்கள். ராக்கெட்டில் ஆக்சிஜன் கசிவு. கசிவை அரைகுறையாக விடாமல் முழுதாகச் சரிசெய்யவேண்டும் என்று தன் குழு பிடிவாதமாக நின்றதை, கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரான இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் பிறகு சொன்னார். டிக்கெட் வாங்கிய பயணி வண்டியின் பிரேக்கைச் சோதிக்கச் சொன்னதுபோல. ஜெய்சிங் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். சுக்லா கேரட் அல்வா, பாசிப்பருப்பு அல்வாவோடு போனார். சர்மா காலத்திலிருந்து இந்திய விண்வெளி ராஜதந்திரம் அல்வாவில்தான் நடக்கிறது. கொடுக்கிற அல்வா நிஜ அல்வா என்பது விசேஷம்.

★ வேற்றுக்கிரகவாசியின் பக்கத்திலிருந்து கதை சொன்னால்? டெல்லியில் பிறந்த இயற்பியல் பேராசிரியை வந்தனா சிங் எழுதிய ‘டெல்லி’ என்ற சிறுகதை 2004-இல் ஒரு தொகுப்பில் வந்தது. காலனி ஆட்சியை அனுபவித்த நாட்டுக்காரர்கள் அறிவியல் புனைகதை எழுதினால் எப்படி இருக்கும் என்பது அந்தத் தொகுப்பின் யோசனை. மேற்கத்தியக் கதைகளில் கலம் இறங்குகிற இடத்தில் இருப்பவன் அந்நியன். நமக்கோ, கப்பலில் வந்து இறங்கியவன்தான் அந்நியன். வியாபாரம் பேச வந்த வெள்ளைக்காரர்களை டெல்லி ஒரு காலத்தில் நம்பியது. என்ன ஆயிற்று என்று 1857 சொல்லும். ஆகவே விண்வெளிப் படத்தில் பாறை மறைவில் நிற்கும் போராளியின் சந்தேகம் நம்மவருக்குச் சுலபமாகப் புரியும்.

தமிழில் சுஜாதா வேறு திக்கில் போனார்: ‘என் இனிய இயந்திரா’வில் சர்வாதிகாரிக்கு எதிரான கலகத்துக்குத் துணை நின்றது ஜீனோ என்கிற இயந்திர நாய். 2024 பொங்கலுக்கு வந்த ‘அயலான்’ படத்தில் பூமியைக் குடைகிறவனைத் தடுக்க வேற்றுக்கிரகவாசியே வருகிறான், கூட்டணிக்கு ஒரு விவசாயியைப் பிடிக்கிறான். இந்தியில் 2014-இல் வந்த ‘பிகே’வின் அயலான் டெல்லித் தெருவில் அலைகிறான், அவன் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் அவனைக் குடிகாரன் என்கிறார்கள்.

★ 1977-இல் வாயேஜர் கலங்களில் ஏற்றிய தங்கத் தட்டில், வழியில் யாராவது எதிர்ப்பட்டால் கேட்கட்டும் என்று 55 மொழிகளில் வணக்கம் பதிந்திருக்கிறது. இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மராத்தி, குஜராத்தி, பஞ்சாபி, ஒரியா, சிங்களம் எல்லாம் உண்டு. தமிழ் கிடையாது. பாடகி கேசர்பாய் கேர்கரின் பைரவி ராகப் பாட்டு ஒன்று இருக்கிறது. படங்களில் தாஜ்மகாலும், இந்தியச் சாலை நெரிசலும் இடம்பெற்றிருக்கின்றன. நம்மைப் பற்றிய இரண்டு உண்மைகளும் போய்விட்டன, மொழிதான் பாக்கி. இனி அனுப்புகிறவர்கள் கவனிக்கவேண்டும்.

★ டெல்லி போகிறவர்கள் இந்தியா கேட், செங்கோட்டை, கரோல் பாக் கடைகளோடு திரும்பிவிடுகிறார்கள். தீன் மூர்த்தி வளாகத்தில் நேரு கோளரங்கம் இருக்கிறது. 1984 பிப்ரவரி 6 அன்று இந்திரா காந்தி திறந்துவைத்தது. ராகேஷ் சர்மா இறங்கிவந்த சோயுஸ் டி-10 கலம் அங்கேதான் இருக்கிறது, அவருடைய விண்வெளி உடையும் குறிப்பேடும் கூடவே. கலத்தின் அகலம் ஏழு அடி சொச்சம். வளிமண்டலத்தில் உரசிக் கருகிய அந்த மணி வடிவக் கூட்டுக்குள், முழங்காலை மடக்கி மூன்று பேர் உட்கார்ந்து வந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் ரஷ்யர், ஒருவர் பாட்டியாலாவில் பிறந்து ஹைதராபாத்தில் படித்தவர். குழந்தைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.